சூப்பர் ஹீரோ திரைப்படங்களும் எதிர்பார்ப்பும்

சூப்பர் ஹீரோ திரைப்படங்களில் எதிர்பார்ப்பு என்பது, ஒரு படம் திரைக்கு வருமுன்பே பார்வையாளர் மனதில் உருவாகிவிடும் மதிப்பீட்டையும், அந்த மதிப்பீடு படம் பார்க்கும் அனுபவத்தை மாற்றும் விதத்தையும் குறிக்கும். முன்னோட்டங்கள், நடிகர் தேர்வுச் செய்திகள், முந்தைய படங்களின் வெற்றி, சமூக ஊடக ஊகங்கள் ஆகியவை சேர்ந்து இந்த மதிப்பீட்டை வளர்க்கின்றன. ஒரே படத்தை ஒரே அரங்கில் பார்க்கும் இருவரில் ஒருவர் மகிழ்ந்தும் மற்றவர் ஏமாந்தும் வெளியே வருவதற்கு, அவர்கள் உள்ளே கொண்டுசென்ற எதிர்பார்ப்பும் ஒரு முக்கியக் காரணம்.

எல்லாவகைப் படங்களுக்கும் எதிர்பார்ப்பு உண்டு. எனினும் சூப்பர் ஹீரோ படங்களில் அதன் தாக்கம் கூடுதலாக உள்ளது. இப்படங்களின் நாயகர்கள் பல பத்தாண்டுகளாக வரைகதை இதழ்களில் வாழ்ந்துவருபவர்கள். சூப்பர்மேன் 1938-இலும் பேட்மேன் 1939-இலும் ஸ்பைடர்மேன் 1962-இலும் அறிமுகமாயினர். ஆகவே படம் எடுக்கப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு வாசகரிடமும் அந்த நாயகனைப் பற்றி ஓர் உருவம் இருக்கிறது. புதிய படம் முதலில் அந்த உருவத்தோடுதான் போட்டியிடவேண்டும்.

எதிர்பார்ப்பு உருவாகும் வழிகள்

சூப்பர் ஹீரோ படங்களுக்கான எதிர்பார்ப்பு பெரும்பாலும் நான்கு வழிகளில் உருவாகிறது.

முதலாவது, மூலக்கதை. வரைகதையில் புகழ்பெற்ற ஒரு கதைப்பகுதியைத் தழுவிப் படம் வரும்போது, வாசகர்கள் குறிப்பிட்ட காட்சிகளை எதிர்நோக்குகின்றனர்.

இரண்டாவது, தொடர்ச்சி. 2008-இல் அயர்ன் மேன் படத்துடன் தொடங்கிய மார்வெல் திரைப்பிரபஞ்சம், ஒரு படத்தின் இறுதியில் அடுத்த படத்துக்கான குறிப்பை வைக்கும் முறையைப் பரவலாக்கியது. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பின் வரும் சிறுகாட்சிக்காகப் பார்வையாளர்கள் இருக்கையிலேயே காத்திருப்பது வழக்கமானது. இவ்வாறு ஒவ்வொரு படமும் அடுத்த படத்துக்கு விளம்பரமாகவும் அமைகிறது.

மூன்றாவது, தயாரிப்பு நிறுவனத்தின் விளம்பரம். சுவரொட்டி, சிறுமுன்னோட்டம், முழு முன்னோட்டம், நேர்காணல்கள் எனப் பல மாதங்களுக்கு இது நீள்கிறது.

நான்காவது, ரசிகர்களின் ஊகம். முன்னோட்டத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் நிறுத்திப் பார்த்து, கதை இப்படித்தான் இருக்கும் என்று கணிக்கும் காணொளிகள் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளன. இந்த நான்காவது வழி தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. படம் ஒருபோதும் அளிக்காத வாக்குறுதிகளும் இதன்வழி படத்தின் தலையில் ஏறிவிடுகின்றன.

உளவியல் விளக்கம்

எதிர்பார்ப்பு அனுபவத்தை இரு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கவல்லது.

ஒன்று, அனுபவத்தை எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ப்பது. திமோதி வில்சனும் அவருடைய சகாக்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், கேலிச்சித்திரங்கள் வேடிக்கையானவை என்று முன்னரே சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு சொல்லப்படாதவர்களைவிட அவற்றைக் கூடுதல் வேடிக்கையாகக் கண்டனர். 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவுக்கு அதிக விலை குறிப்பிடப்பட்டபோது அருந்தியவர்கள் அதை மேலும் சுவையானதாக உணர்ந்தனர். 'நன்றாக இருக்கும்' என்று நம்பிச் சென்றால் நன்றாகவே தோன்றும் நிலை இது.

மற்றொன்று, எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டுவது. வாடிக்கையாளர் நிறைவு குறித்து ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் முன்வைத்த கோட்பாடு இதை விளக்குகிறது. ஒருவரின் நிறைவைப் பொருளின் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட அது மேலாக இருந்ததா, கீழாக இருந்ததா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. டேனியல் கானமனும் ஏமஸ் டுவர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர்கள் பலன்களை ஓர் ஒப்பீட்டுப் புள்ளியிலிருந்தே அளக்கின்றனர். அப்புள்ளிக்குக் கீழான இழப்பு, அதே அளவுள்ள ஆதாயத்தைவிட அதிகமாக உறுத்துகிறது. எதிர்பார்ப்பு உயரும்போது அந்த ஒப்பீட்டுப் புள்ளியும் உயர்ந்துவிடுகிறது.

நரம்பியலிலும் இதற்கு இணையான கண்டுபிடிப்பு உண்டு. குரங்குகளிடம் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் நடத்திய ஆய்வுகளில், எதிர்பாராத பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் வேகமாகச் செயல்பட்டன. பழச்சாறு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்ட நிலையில், அது கிடைத்தபோது அந்த எழுச்சி இல்லை. எதிர்பார்த்த பழச்சாறு வராதபோது அவற்றின் செயல்பாடு வழக்கத்துக்கும் கீழே குறைந்தது.

எந்தத் திசை வெல்லும் என்பதற்கு, ஆண்ட்ரூ கீர்ஸும் டேனியல் லாசிட்டரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு துப்புத் தருகிறது. காட்சிகளை மேலோட்டமாகக் கவனித்தவர்களின் அனுபவம் எதிர்பார்ப்பை ஒட்டிச் சாய்ந்தது. நுணுக்கமாகக் கவனித்தவர்களுக்கோ எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடே பெரிதாகத் தெரிந்தது. இதைச் சூப்பர் ஹீரோ படங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், விடுமுறை நாளில் குடும்பத்தோடு படத்துக்கு வருபவரைவிட, நாயகனின் உடையில் உள்ள தையல்வரை அறிந்த தீவிர ரசிகரே ஏமாற்றத்துக்கு எளிதில் ஆளாகக்கூடும். அதிகம் நேசிப்பவரே அதிகம் ஏமாறுவது முரணாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு.

அளவும் வகையும்

எதிர்பார்ப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். 'படம் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்பது அளவு சார்ந்த எதிர்பார்ப்பு. 'படம் எப்படிப்பட்டதாக இருக்கும்' என்பது வகை சார்ந்த எதிர்பார்ப்பு. முதலாவது பொய்த்தால் படம் சுமார் என்ற மனக்குறை எழுகிறது. இரண்டாவது பொய்த்தால் ஏமாற்றப்பட்டோம் என்ற கோபமே எழுகிறது. தோசைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர் முன் பிரியாணி வந்தால், பிரியாணி சுவையாக இருந்தாலும் முதல் வாயில் குழப்பம்தான் மிஞ்சும்.

எடுத்துக்காட்டுகள்

குறைந்த எதிர்பார்ப்பு உதவிய படங்கள்

டிம் பர்டன் இயக்கிய பேட்மேன் (1989) படத்துக்கு, நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் நாயகனாகத் தேர்வானபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் செய்திகள் கூறின. படம் வெளியானபின் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் அது 25 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. கீட்டனின் பேட்மேன் பின்னாளில் ஓர் அளவுகோலாகவே மாறியது. தி டார்க் நைட் (2008) படத்துக்கு ஹீத் லெட்ஜர் ஜோக்கராகத் தேர்வானபோதும் இணையத்தில் ஐயங்களே மிகுந்திருந்தன. அந்த வேடத்துக்காக அவருக்கு, மறைவுக்குப் பின், 2009-இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது.

கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி (2014) வேறுவகை எடுத்துக்காட்டு. பேசும் ரக்கூனும் நடமாடும் மரமும் இடம்பெற்ற அந்தக் குழுவைப் பொதுமக்களில் பலர் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மனதில் முன்னுருவம் எதுவும் இல்லாததால், படம் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ள முடிந்தது. உலகளவில் அது 77 கோடி டாலர் வசூலித்தது.

மிகை எதிர்பார்ப்பு சுமையான படங்கள்

பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் (2016) இரு பெரும் நாயகர்களைத் திரையில் முதன்முறை மோதவிடும் படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அமெரிக்க, கனடிய அரங்குகளில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் வசூலானது. இரண்டாம் வார இறுதியில் அது ஏறத்தாழ 5.1 கோடியாக, அதாவது 69 விழுக்காடு சரிந்தது. எதிர்பார்ப்பு மக்களை முதல் மூன்று நாள்களில் அரங்குக்கு அழைத்துவந்தது. அதன்பின் வரவேண்டியவர்களை, பார்த்தவர்களின் வாய்மொழி தடுத்தது. படத்தின் ஒரு முன்னோட்டம் டூம்ஸ்டே என்ற வில்லனை முன்பே காட்டிவிட்டதால், இறுதிப்பகுதியின் வியப்பும் குறைந்துபோனது.

தி ஃபிளாஷ் (2023) படத்தில் பாராட்டே சுமையானது. டிசி ஸ்டூடியோஸின் இணைத்தலைவரான ஜேம்ஸ் கன், சூப்பர் ஹீரோ படங்களிலேயே மிகச் சிறந்தவற்றுள் அதுவும் ஒன்றாகக்கூடும் என்ற பொருளில் பேசினார். ஏப்ரல் மாதத்தில் லாஸ் வேகஸில் நடந்த சினிமாகான் மாநாட்டில் படம் முன்கூட்டியே திரையிடப்பட்டது. ஜூனில் வெளியானபோது முதல் வார இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அது ஈட்டியது 5.5 கோடி டாலர். 'மிகச் சிறந்தவற்றுள் ஒன்று' என்ற அளவுகோலோடு உள்ளே சென்றவருக்கு, ஓரளவு நல்ல படம்கூடத் தோல்வியாகவே தெரியும்.

வகை மாறிய படங்கள்

அயர்ன் மேன் 3 (2013) முன்னோட்டங்கள், பென் கிங்ஸ்லி நடித்த மாண்டரின் என்ற பயங்கர வில்லனை முன்னிறுத்தின. 1964 முதல் வரைகதைகளில் அயர்ன் மேனின் முதன்மை எதிரியாக இருந்த பாத்திரம் அது. படத்தின் நடுவில், அந்த மாண்டரின் கூலிக்கு நடிக்கும் ஒரு குடிகார நடிகர்தான் என்பது வெளிப்படுகிறது. பயங்கரவாத அச்சம் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகிறது என்பதைக் கேலிசெய்த துணிவான திருப்பம் என்று ஒரு சாரார் பாராட்டினர். பல ஆண்டுகள் காத்திருந்த மோதல் பறிக்கப்பட்டதாக மற்றொரு சாரார் வெகுண்டனர். படம் 120 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தபோதும் அந்த மனத்தாங்கல் தீரவில்லை. ஷாங்-சி (2021) படத்தில் டோனி லியுங் நடித்த பாத்திரத்தின்வழி மாண்டரின் கதையை மார்வெல் மீண்டும் கையிலெடுத்தது.

ஜோக்கர் (2019) வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதையும், வாக்கீன் பீனிக்ஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரையும் பெற்றுத்தந்து, 100 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. அதன் தொடர்ச்சியான ஜோக்கர்: ஃபோலி ஆ டூ (2024), பாடல்களும் நீதிமன்றக் காட்சிகளும் நிறைந்த படமாக வந்தது. முதல் படத்தின் நாயகன் கலகக்காரனாக எழுவான் என்று காத்திருந்தவர்களுக்கு, அந்தப் பிம்பத்தையே உடைக்கும் கதை கிடைத்தது. இரண்டாம் வார இறுதியில் அமெரிக்க வசூல் ஏறத்தாழ 81 விழுக்காடு வீழ்ந்தது.

எதிர்பார்ப்பு நிறைவேறிய படங்கள்

உயர்ந்த எதிர்பார்ப்பு எப்போதும் ஏமாற்றத்தில் முடிவதில்லை. அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் (2019) அதற்குமுன் வந்த 21 படங்களின் நிறைவாக அமைந்தது. இயக்குநர்கள் ரூசோ சகோதரர்கள், முடிவை வெளிப்படுத்தவேண்டாம் என்று ரசிகர்களுக்குத் திறந்த மடல் எழுதினர். முன்னோட்டங்கள் கதையின் பெரும்பகுதியை மறைத்தன. எனவே 'எவ்வளவு' என்ற எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தாலும், 'எப்படி' என்பது திறந்தே இருந்தது. உலகளவில் படம் 279 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது.

ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம் (2021) இதற்கு மாறான வழியில் வென்றது. முந்தைய ஸ்பைடர்மேன் நடிகர்களான டோபி மக்வயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் வருவார்கள் என்று ரசிகர்கள் பெரும்பாலும் ஊகித்துவிட்டனர். கார்ஃபீல்ட் நேர்காணல்களில் மறுத்துவந்தபோதும் நம்பியவர் குறைவு. அவர்கள் திரையில் தோன்றியதும் அரங்குகள் அதிர்ந்தன. தெரிந்தே காத்திருந்த ஒன்று வந்துசேரும்போது எழும் மகிழ்ச்சி அது. தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் திரும்பும்போது கூட்டம் ஆரவாரம் செய்யத்தான் செய்கிறது.

தமிழ்ப் பதிப்பும் குரலும்

எண்ட்கேம் படத்தின் தமிழ்ப் பதிப்பு, எதிர்பார்ப்பின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. இந்திய விளம்பரத்துக்காக ஏ. ஆர். ரகுமான் இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் ஒரு பாடல் அமைத்தார். தமிழ் வசனங்களை ஏ. ஆர். முருகதாஸ் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தனர். நட்சத்திரக் குரல்கள் புதிய பார்வையாளர்களை ஈர்க்கும் என்பது கணக்கு. ஆனால் முந்தைய படங்களைத் தமிழிலேயே பார்த்துவந்த ரசிகர்கள் பலர், பழகிய குரலே வேண்டும் என்று சமூக ஊடகங்களில் குறைபட்டனர். அவர்களைப் பொறுத்தவரை டோனி ஸ்டார்க் என்பவர் ஒரு முகம் மட்டுமல்லர். ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய ஒரு குரலும்கூட. குரல் கொடுத்தவரின் திறமை அங்கே கேள்வியாகவே இல்லை; பழக்கம்தான் எதிர்பார்ப்பாக மாறி நின்றது.

மதிப்பெண்கள் எதை அளக்கின்றன

அமெரிக்காவின் சினிமாஸ்கோர் நிறுவனம், படம் வெளியாகும் நாளன்று அரங்கிலேயே பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரக்குறி வழங்குகிறது. முதல் நாளே வருபவர்கள் பெரும்பாலும் விளம்பரத்தால் ஈர்க்கப்பட்டவர்கள் அல்லது தீவிர ரசிகர்கள். ஆகவே அந்தக் குறி படத்தின் தரத்தை மட்டுமன்றி, விளம்பரம் அளித்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்பதையும் அளக்கிறது. எண்ட்கேமும் நோ வே ஹோமும் ஏ பிளஸ் பெற்றன. பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் பி பெற்றது. ஜோக்கரின் இரண்டாம் பாகம் டி பெற்றது.

ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் ஒருகாலத்தில், வெளிவராத படத்தைப் பார்க்க விரும்புவோரின் விழுக்காட்டையும் வெளியிட்டுவந்தது. கேப்டன் மார்வெல் (2019) வெளியாகும் முன்பே அதைக் குறிவைத்து எதிர்மறைக் கருத்துகள் குவிந்த காலத்தில், அத்தளம் அந்த விழுக்காட்டை நீக்கியது. வெளிவராத படங்களுக்குக் கருத்திடும் வசதியையும் நிறுத்தியது. எதிர்பார்ப்பையே ஓர் எண்ணாக்கிக் காட்டினால், அந்த எண்ணே அடுத்தவரின் எதிர்பார்ப்பை வடிவமைக்கும் ஆயுதமாகிவிடுகிறது.

ஊகங்களும் கதை வெளிப்பாடும்

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் தி மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ் (2022) வருமுன், டாம் குரூஸ் வேறோர் உலகின் அயர்ன் மேனாகத் தோன்றுவார் என்ற வதந்தி பரவியது. அவர் தோன்றவில்லை. படம் சொல்லாத ஒன்றுக்காகப் படத்தையே சிலர் குறைகூறினர். அதற்கு முந்தைய ஆண்டில் வாண்டாவிஷன் தொடரிலும், மெஃபிஸ்டோ என்ற வில்லன் வருவான் என்று வாரந்தோறும் கணித்தவர்களுக்கு அதே அனுபவம் நேர்ந்தது. அந்தத் தொடர் உண்மையில் இழப்பின் துயரத்தைப் பற்றிய கதை. வில்லனைத் தேடிக்கொண்டிருந்த கண்களுக்கு அது தெரியத் தாமதமானது.

ஸ்பாய்லர் எனப்படும் கதை வெளிப்பாடு எப்போதும் கெடுதலானது என்றும் சொல்வதற்கில்லை. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே அறிந்தவர்கள் அவற்றைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தனர். பின்னர் வந்த வேறு சில ஆய்வுகள் மாறான முடிவுகளையும் கண்டன. முடிவைத் தெரிந்துகொள்வதைவிட, தவறான முடிவை நம்பிச் செல்வதுதான் ரசனையைக் கூடுதலாகக் கெடுக்கிறது என்று மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து கருதலாம்.

எதிர்பார்ப்பு பகையாகும்போது

எதிர்பார்ப்பு பெருகும்போது அது அடையாளமாகவும் மாறுகிறது. தி டார்க் நைட் ரைசஸ் (2012) வெளியாகும் முன்பே, அதைக் குறைத்து மதிப்பிட்ட விமர்சகர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ராட்டன் டொமேட்டோஸ் அப்படத்தின் விமர்சனங்களுக்குக் கருத்திடும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டியதாயிற்று. மிரட்டியவர்களில் பெரும்பாலோர் படத்தை அப்போது பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பார்க்காத படத்துக்காக, பார்த்தவரை வசைபாடும் நிலை அது. ஒரு பொழுதுபோக்கு, மற்றொருவரின் பாதுகாப்பைத் தொடும் இடத்துக்கு வந்துவிட்டதை இந்நிகழ்வு காட்டியது.

தொடர்ப் படங்களின் சிக்கல்

முதல் படம் வழக்கத்தைவிட மிகச் சிறப்பாக அமைந்தால்தான் பெரும்பாலும் இரண்டாம் பாகம் எடுக்கப்படுகிறது. அந்தச் சிறப்பில் திறமையோடு, நேரமும் வாய்ப்பும் கூடிவந்ததும் சேர்ந்திருக்கும். அவை மீண்டும் அதே அளவில் கூடிவருவது அரிது. ஆகவே இரண்டாம் பாகம் சராசரியை நோக்கிச் சற்றே இறங்குவது இயல்பு. பார்வையாளரோ முதல் படத்தின் உச்சத்தையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார். தி அவெஞ்சர்ஸ் (2012) உலகளவில் 150 கோடி டாலரைக் கடந்தது. அதன் தொடர்ச்சியான ஏஜ் ஆஃப் அல்ட்ரான் (2015) 140 கோடி டாலர் ஈட்டியும் 'எதிர்பார்த்த அளவு இல்லை' என்ற பேச்சுக்கு ஆளானது. வேறெந்தப் படத்துக்கும் அந்த வசூல் பெருவெற்றியாகவே கருதப்பட்டிருக்கும்.

எதிர்பார்ப்பைக் கையாளுதல்

எதிர்பார்ப்பே இல்லாமல் படம் பார்ப்பது இயலாது, அது தேவையுமில்லை. நாள்களை எண்ணிக் காத்திருப்பதும், நண்பர்களோடு முன்பதிவு செய்வதும், படத்தைப் பற்றி வாதிடுவதும் இப்படங்கள் தரும் மகிழ்ச்சியின் பகுதியே. படம் சுமாராக அமைந்தாலும் காத்திருந்த மாதங்களின் மகிழ்ச்சி பொய்யாகிவிடாது. எனினும் சில வழிகள் ஏமாற்றத்தைக் குறைக்க உதவும்.

முதல் முன்னோட்டத்தோடு நிறுத்திக்கொள்வது அவற்றுள் ஒன்று. படத்தின் வகையை அறிய அது போதும். பிந்தைய முன்னோட்டங்கள் பெரும்பாலும் காட்சிகளையே கூடுதலாக வெளிப்படுத்துகின்றன. தயாரிப்பாளர் அறிவித்ததையும் ரசிகர்கள் ஊகித்ததையும் பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. மனதில் இருந்த படத்தோடு ஒப்பிடுவதை நிறுத்தி, திரையில் இருக்கும் படம் எதைச் செய்ய முயல்கிறது என்று கேட்பது மூன்றாவது.

ஏமாற்றிய படத்தைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்பதும் பயனுள்ளது. அப்போது விளம்பரங்கள் மறந்திருக்கும், ஊகங்கள் காலாவதியாகியிருக்கும், என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்கும். முதல்முறை குறையாகத் தோன்றியது அப்போதும் குறையாகவே தோன்றினால், அது படத்தின் குறை. தோன்றாவிட்டால், அன்று குறைசொல்லப்பட்டது வேறொரு படம். ஒருபோதும் எடுக்கப்படாத, பார்வையாளரின் மனதில் மட்டுமே ஓடிய படம்.